வைத்தியரான பின்னும் ஏன் படிப்பு?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் நால்வர். ஒரே ஆண்டில் உயர்தரப் பரீட்சை எழுதி, ஒரே ஆண்டில் மருத்துவபீடத்துக்குள் நுழைந்தவர்கள். ஒருவர் சிறுவர் மருத்துவத்துக்கும், ஒருவர் நுண்ணுயிரியலுக்கும், ஒருவர் நிர்ப்பீடனவியலுக்கும் போனோம். நான்காமவர் குடும்ப வைத்தியர். இந்த உரையை நால்வரும் சேர்ந்தே எழுதினோம். வாசிக்கும் பொறுப்பு, பிரார்த்தனை மண்டபத்தில் கதைத்ததற்காக அதிக தடவை வெளியே நிறுத்தப்பட்டவருக்குக் கிடைத்தது.

வைத்தியர்களைப் பேச அழைத்தால் சீனி வருத்தமும் குருதியமுக்கமும் பற்றிச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைத் தேநீர் வேளையில் கேளுங்கள். இங்கே நாங்கள் எடுத்துக்கொள்வது எங்கள் வீடுகளில் எழுந்த ஒரு கேள்வி. "டொக்டருக்குப் படிச்சு முடிச்சாச்சு. பிறகேன் பிள்ளை திரும்பவும் படிப்பு? ஒரு டிஸ்பென்சரியைப் போடன்" என்று நால்வரின் அம்மாமாரும் கேட்டார்கள். இன்றும் மேல்வகுப்புப் பிள்ளைகள் எங்களிடம் அதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள்: நோயாளியைப் பார்க்கும் வைத்தியர் தெரியும், ஆய்வுகூடத்தில் இருக்கும் வைத்தியர் என்ன செய்கிறார்?

டொரதி ஹோர்ஸ்ற்மன் என்ற அமெரிக்க வைத்தியரின் கதையோடு தொடங்குவோம். 1911இல் பிறந்தவர். 1940இல் வைத்தியப் பட்டம் பெற்று, வன்டர்பில்ற் பல்கலைக்கழக வைத்தியசாலையில் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். பெண்களை எடுப்பதில்லை என்று துறைத் தலைவர் மறுத்துவிட்டார். சில மாதங்களின் பின் 'டொக்டர் ஹோர்ஸ்ற்மன்' என்ற பெயருக்கு இடம் கொடுத்துக் கடிதம் வந்தது. முன்னர் மறுத்தது ஒரு பெண்ணை என்பது அந்தப் பேராசிரியருக்கு மறந்துபோயிருந்தது. கடிதத்துடன் வந்து நின்றவரைக் கண்டு அவர் திகைத்துப்போனாராம். (முதலெழுத்தும் குடும்பப் பெயரும் மட்டும் போட்டு விண்ணப்பம் எழுதும் வழக்கம் எங்கள் காலத்திலும் இருந்தது. காரணம் சொல்லத் தேவையில்லை.)

பின்னர் அவர் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1943இல் அந்நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. வைரசு வாய்வழியாக உள்ளே போகிறது, கடைசியில் நரம்பைத் தாக்குகிறது. இடையில் எந்த வழியால் போகிறது என்பது அப்போது விளங்கவில்லை. நோயாளிகளின் இரத்தத்தில் யாரும் அதைக் காணவில்லை. ஹோர்ஸ்ற்மன் 111 பேரின் இரத்தத்தைச் சோதித்தார். ஒன்றில் மட்டும் வைரசு இருந்தது. அது ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் இரத்தம். அவளுக்கு நோய் கடுமையாக இருக்கவுமில்லை.

நூற்றுப்பதினொன்றில் ஒன்று என்றால் தவறு என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவர் ஒதுக்கவில்லை. நாம் பிந்தி இரத்தம் எடுக்கிறோமோ என்று யோசித்தார். வாதம் வந்து பிள்ளை வைத்தியசாலைக்கு வரும்போது வைரசு இரத்தத்தை விட்டுப் போயிருக்கும் அல்லவா? குரங்குகளுக்கும் சிம்பன்சிகளுக்கும் வாய்வழியாக வைரசைக் கொடுத்து, அடுத்து வந்த நாட்களிலேயே இரத்தம் எடுத்துப் பார்த்தார். வாதம் தோன்றுமுன் வைரசு இரத்தத்தில் இருந்தது. 1952இல் இது வெளியாயிற்று. யோன்ஸ் ஹொப்கின்ஸில் டேவிட் போடியனும் அதே முடிவுக்கு வந்திருந்தார். வைரசு இரத்தத்தின் வழியே போகிறதென்றால், இரத்தத்தில் பிறபொருளெதிரி இருந்தால் அங்கேயே மறிக்கலாம். போலியோத் தடுப்பூசி வேலை செய்யும் என்ற நம்பிக்கைக்கு இது பெரிய ஆதாரம்.

அந்த ஒரு குழாய் இரத்தத்துக்கும் 1952க்கும் இடையில் எத்தனை ஆண்டுகள் என்று எண்ணிப் பாருங்கள். அவ்வளவு காலமும் அவர் டிஸ்பென்சரி போட்டிருந்தால் நல்ல வைத்தியராகத்தான் இருந்திருப்பார். யேல் மருத்துவ பீடத்தின் முதலாவது பெண் முழுப் பேராசிரியராக அவர் ஆனது 1961இல். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். போர் நடந்த காலத்திலும் சொட்டு மருந்து நாட்களுக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்ததை நம்மில் பலர் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று கண்டவர்கள்.

அடுத்தவர் ஹற்றி அலெக்சாண்டர், எங்கள் சிறுவர் மருத்துவத் தோழிக்குப் பிடித்தவர். கல்லூரியில் இவருக்குச் சாதாரணப் புள்ளிகளே கிடைத்தன என்பதைப் பின்வரிசை மாணவிகள் குறித்துக்கொள்ளலாம். மருத்துவம் படிக்கப் பணம் இல்லாததால் மூன்று ஆண்டுகள் பற்றீரியா ஆய்வுகூடத்தில் வேலை செய்து காசு சேர்த்தார். 1930இல் வைத்தியரானார். ஹீமோபிலஸ் இன்புளுவென்சா என்ற பற்றீரியாவால் மூளையுறையில் அழற்சி வந்த கைக்குழந்தைகள் அந்நாளில் அநேகமாகத் தப்புவதில்லை. குதிரையில் தயாரித்த சீரம் பயன்படவில்லை. அவர் முயலில் தயாரித்தார். 1939இல் குழந்தைகள் பிழைத்தார்கள். முழுப் பேராசிரியர் பதவி கிடைக்க அதன் பிறகும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அதே பற்றீரியாவுக்கு எதிரான தடுப்பூசி இன்று நம் பிள்ளைகளின் ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள் இருக்கிறது.

இவர்கள் தூர தேசத்தவர், பழைய காலத்தவர் என்று சொல்வீர்கள். வேலூர் தூரமில்லை. 1918இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் அது. அங்கே படித்து அங்கேயே பேராசிரியையான ககன்தீப் காங், வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ரோட்டா வைரசை ஆராய்ந்தவர். வேலூரின் நெருக்கடியான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வயதுவரை அவரது குழு பின்தொடர்ந்தது. களப்பணியாளர் வாரத்துக்கு இருமுறை வீட்டுக்குப் போனார்கள். 373 குழந்தைகள் மூன்று ஆண்டையும் முடித்தனர். மெக்சிக்கோவில் இரண்டு தொற்றுகளின் பின் கடும் நோய் வரவில்லை என்று முன்னர் கண்டிருந்தார்கள். வேலூர்க் குழந்தைகளுக்கு மூன்று தொற்றுகளின் பின்னும் பாதுகாப்பு 79 வீதம்தான். 2011இல் வெளியான இந்த முடிவு, வேறு நாட்டுக் குழந்தையின் கணக்கை நம் குழந்தைக்கு அப்படியே போட முடியாது என்று காட்டியது. 2019இல் அவர் லண்டன் ரோயல் சொசைற்றியின் உறுப்பினரானார். இந்தியப் பெண் ஒருவருக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

இனி எங்கள் கதை. எங்களில் நான்காமவரைக் குடும்ப வைத்தியர் என்றோம். அவர்தான் எங்களில் கெட்டிக்காரி. அவருக்கு வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் நிர்ப்பீடனவியல் படிக்க இடமும் சம்பளமும் கிடைத்தன. இங்கே விடுமுறை கேட்ட இடத்தில், கைக்குழந்தையை யார் பார்ப்பார் என்றுதான் முதற் கேள்வி. அதைச் சமாளித்துவிட்டார். விமானச் சீட்டுக்கும், முதற் சம்பளம் வரும்வரை மூன்று மாத வாடகைக்கும் பணம் சேரவில்லை. கடிதம் இன்னும் அவருடைய அலுமாரியில் இருக்கிறது. அவர் வருந்துவதாகச் சொல்வதில்லை. ஊரில் அவரிடம் மருந்தெடுக்காத வீடும் இல்லை. ஆனால் இந்தப் பந்தியை எழுதும்போது அவர் எழுந்து தேநீர் போடப் போய்விட்டார்.

நமது சங்கத்தின் உதவி நிதி, ஒரு மாணவி பல்கலைக்கழகத்தில் அடியெடுத்து வைக்கும் நாளோடு நின்றுவிடுகிறது. நூறு ஆண்டுகளாக அது பெரிய உதவி. அதை நீட்டி, பட்டப்பின் ஆய்வுக்குப் போகும் பழைய மாணவி ஒருவருக்கு ஆண்டுதோறும் ஒரு விமானச் சீட்டும் மூன்று மாத வாடகையும் கொடுக்கவேண்டும் என்று நாங்கள் நால்வரும் முன்மொழிகிறோம். வைத்தியராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. முதலாண்டுச் செலவை நாங்களே ஏற்கிறோம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருக்கும் சகோதரிகளிடம் பணம் கேட்கவில்லை. வந்திறங்கும் பிள்ளைக்கு மூன்று மாதம் ஓர் அறை தருவோரின் பெயர்ப் பட்டியல் ஒன்றே வேண்டும். படிவம் வாசலில் செயலாளரின் மேசையில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன் நிரப்பித் தந்தால், பிற்பகல் கூட்டத்தில் பிரேரணையோடு பட்டியலையும் வைப்போம்.