கேட்காமல் மூடாதே!

ஷிப்ட் முடிந்து மேட்டுப்பாளையத்திலிருந்தும் தட்டாஞ்சாவடியிலிருந்தும் நேராக இங்கே வந்து நிற்கிற தோழர்களே!

சவானா, ரோடியர், கெப்ளே. இந்த மூன்று மில்லின் பெயரும் தெரியாத மூத்த தொழிலாளி புதுச்சேரியில் கிடையாது. பின்னாளில் சுதேசி, ஏ.எஃப்.டி., பாரதி என்று பெயர் மாறியது. இன்று மூன்றிலும் ஒரு தறிகூட ஓடவில்லை. எட்டு மணி நேர வேலை கேட்டும், சங்கம் வைக்கும் உரிமை கேட்டும் நம் முன்னோர் போராடியபோது, 1936 ஜூலை 30-ல் பிரெஞ்சுக்காரனின் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். அடுத்த ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. தோழர் வ. சுப்பையா தலைமையில் ரத்தம் சிந்தி வாங்கிய சட்டம் அது. அப்படிப்பட்ட மண்ணில் ஆலைகள் எப்படிச் செத்தன என்று நாம் கேட்க வேண்டாமா?

சுதேசி மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைமை அலுவலகம் கான்பூரில். ஆறு ஊர்களில் ஆறு ஆலை. அதில் ஒன்று நம்முடையது. 1977-ல் கான்பூர் ஆலையில் மாதக்கணக்கில் சம்பள பாக்கி. டிசம்பர் 6-ஆம் தேதி அங்கேயும் துப்பாக்கிச் சூடு. 1978 ஏப்ரலில் மத்திய அரசு ஆறு ஆலைகளையும் கையில் எடுத்தது. அரசு சொன்ன காரணம் என்ன? சொத்துகளின் மேல் கடன் பாரத்தை ஏற்றி, உற்பத்தியே பாதிக்கும் நிலையை நிர்வாகம் உண்டாக்கிவிட்டது என்பதுதான். அடகுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு நம் ஊர் நூற்புக் கூடத்தின் புழுக்கம் தெரியுமா?

முதலாளி நீதிமன்றம் போனார். 1981-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: முதலாளியின் தரப்பைக் கேட்காமல் ஆலையை எடுக்கக் கூடாது. சரி, நியாயம்தான். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒருவன் சொத்தில் கை வைக்கும் முன் அவனை ஒரு வார்த்தை கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆலையில் முப்பது வருஷம் உழைத்தவனுக்கு அதில் என்ன இருக்கிறது? அவன் நுரையீரலில் பஞ்சு இருக்கிறது. அவன் பி.எஃப்., கிராஜுவிட்டி இருக்கிறது. அவன் பிள்ளையின் பள்ளிக்கூடம் இருக்கிறது. முதலாளியைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்றால், தொழிலாளியைக் கேட்காமல் மூடலாமா?

இதற்கும் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. 1982 டிசம்பரில், கம்பெனியைக் கலைக்கும் வழக்கில் தொழிலாளியும் பேசலாம் என்று ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி பகவதி அதில் ஒருவர். போட்ட பணம் மட்டுமா கம்பெனி, போட்ட உழைப்பும் கம்பெனிதான் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. அதே வருஷம் நாடாளுமன்றமும் சட்டத்தைத் திருத்தியது. 300 பேர் இருந்தால்தான் மூடுவதற்கு அரசின் அனுமதி வேண்டும் என்றிருந்ததை 100 பேர் என்று ஆக்கியது.

இப்போது என்ன நடந்திருக்கிறது? 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. 100 மறுபடியும் 300 ஆகிவிட்டது. அதற்கு மேலும் உயர்த்திக்கொள்ள அரசுக்கு ஓர் அறிவிக்கை போதும். நம் தொழிற்பேட்டைகளில் 300 பேர் வேலை செய்கிற ஆலை எத்தனை இருக்கிறது? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

“ஏ.எஃப்.டி.யை அரசுதானே நடத்தியது, அதுவும்தானே மூடிற்று?” என்று கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி. ஆமாம், மூடிற்று. தானே புயல் அடித்துச் சிதைத்த ஆலைக்குப் புது இயந்திரம் வரவில்லை. லே-ஆப் என்றார்கள், அரைச் சம்பளம் என்றார்கள், 2020 ஏப்ரல் 30-ஓடு கதவைச் சாத்தினார்கள். தனியார் முதலாளியைப் போலவே அரசும் கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தது. அந்தக் குற்றத்தை நான் மறைக்கப் போவதில்லை. யார் நடத்தினாலும், தறிக்கு முன்னால் நிற்பவனுக்கு முடிவில் பங்கு இல்லையென்றால் ஆலை இப்படித்தான் சாகும்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவைப் பாருங்கள். ஒரு காலத்தில் 8,000 பேர் வேலை செய்த இடம். போன் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றார்கள். வரி வழக்கில் மாட்டியிருந்த இந்த ஆலையை அதில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. பேரம் பேசிய மேசையில் அங்கே வேலை செய்த பெண்களில் ஒருத்திக்காவது நாற்காலி போட்டார்களா?

லாபம் வந்தால் எல்லோருக்கும் வரும் என்கிறார்கள். 2019-ல் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். அரசே போட்ட கணக்கில் வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் போயிற்று. பலன்? மத்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே சொல்கிறது: 2023-24-ல் பெருங்கம்பெனிகளின் லாபம் 22.3 சதவீதம் கூடியது, வேலைவாய்ப்பு 1.5 சதவீதம்தான் கூடியது. லாபம் ஏறிச் சம்பளம் பின்தங்கினால் வாங்குகிற சக்தி குறைந்து பொருளாதாரமே மந்தமாகும் என்றும் அந்த அறிக்கை எச்சரிக்கிறது. முதலியார்பேட்டை மளிகைக் கடைக்காரருக்கு இதை அறிக்கை வந்து சொல்ல வேண்டியதில்லை. மில் சம்பள நாளில் அவர் கடன் நோட்டில் அடித்த கணக்குகள் எத்தனை! ஏ.எஃப்.டி. அரைச் சம்பளத்துக்குப் போனபோது அந்த நோட்டில் அடிக்காமல் நின்ற கணக்குகள் எத்தனை!

இங்கே நிற்கிற இளைஞர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளிகள். உங்கள் கழுத்து அட்டையை எடுத்துப் பாருங்கள். கம்பெனி பெயர் இருக்காது, காண்ட்ராக்டர் பெயர் இருக்கும். உங்களுக்கு நோட்டீஸ்கூட வராது. ஒருநாள் காலையில் கேட்டில் அந்த அட்டையைக் காட்டினால் விளக்கு பச்சைக்கு மாறாது, அவ்வளவுதான்.

ஆகவே தோழர்களே, நம் கோரிக்கை இதுதான். 300 என்பதை மறுபடியும் 100 ஆக்கும் திருத்தம் வேண்டும் என்று புதுச்சேரி சட்டமன்றம் தீர்மானம் போடட்டும். மூட விரும்பும் நிர்வாகம் ஐந்து வருஷக் கணக்கைச் சங்கத்தின் முன் விரிக்கட்டும். ஒப்பந்தத் தொழிலாளியையும் அந்த எண்ணிக்கையில் சேர்க்கட்டும். வாக்குக் கேட்டு இந்த விழுப்புரம் சாலையில் வருகிற எந்தக் கட்சி வேட்பாளரையும் நிறுத்தி, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாங்காமல் வண்டியை நகர விடாதீர்கள்!