அறிந்தவர் மௌனம் காக்கலாகாது

  

வாஸிலா பின் அஸ்கஃ (ரலி) அவர்களின் இல்லத்தில் ஒருவர் ஒட்டகம் வாங்கிப் புறப்பட்டார். ஆடை தரையில் இழுபட அவரைப் பின்தொடர்ந்து விரைந்த வாஸிலா (ரலி) அவர்கள், இதை இறைச்சிக்காக வாங்கினீரா, பயணத்திற்காகவா என வினவினார்கள். ஹஜ்ஜுப் பயணத்திற்கு என்றார் அவர். அப்படியாயின் இதன் பாதத்தில் துளை உள்ளது என எடுத்துரைத்தார்கள். விற்றவரோ, என் வியாபாரத்தைக் கெடுக்கிறீரே எனக் கடிந்துகொண்டார். விற்பவர் குறையை மறைப்பது ஆகாது, அதை அறிந்த பிறர் சொல்லாதிருப்பதும் ஆகாது என்ற நபிமொழியை அவர்கள் அப்போது அறிவித்தார்கள். அஹ்மத், ஹாகிம் ஆகிய நூல்களில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

அன்பானவர்களே! அன்றைய ஒட்டகத்தின் இடத்தில் இன்று கார் நிற்கிறது. மதுரையிலும் மேலூர், திருமங்கலம் வட்டாரங்களிலும் பல குடும்பங்களுக்கு முதல் கார், பழைய காராகவே அமைகிறது. பல்லாண்டுச் சேமிப்பு அதில் அடங்குகிறது. மனைவி மக்களின் உயிரும் அதன் பிரேக்கை நம்பியிருக்கிறது.

மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்த நாயகம் (ஸல்) அவர்கள், உள்ளே ஈரத்தைக் கண்டு, மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்டார்கள். 2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2015இல் சென்னையும் மூழ்கியது. இத்தகைய வெள்ளத்தில் நனைந்த ஊர்திகள் மெருகேற்றப்பட்டு வேற்றூர்ச் சந்தைக்கு வருவதுண்டு.

ஆகவே வாங்குபவரும் கையை உள்ளே நுழைத்துப் பார்க்கட்டும்! தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் சேறு உண்டா, இருக்கையின் அடித்தண்டவாளத்தில் துரு உண்டா, சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால் கறை தெரிகிறதா எனக் கவனியுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் இயக்குங்கள். நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். கிலோமீட்டர் குறைவாகக் காட்டியும் பெடலின் ரப்பர் தேய்ந்திருந்தால் ஐயம் கொள்ளுங்கள். டயரிலுள்ள நான்கிலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் கூறும். 2319 எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நம்பகமான மெக்கானிக்கை உடனழைத்துச் சென்று, நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள்.

என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யுடன் ஒத்திருக்க வேண்டும். ஃபைனான்ஸ் கடன் பதிவாகியிருந்தால் தடையின்மைச் சான்று அவசியம். பிறர் ஹக்கு ஒட்டியிருக்கும் பொருளை மறைத்து விற்பதும் மோசடியே.

விற்பவர்களே! படிவம் 29, 30இல் கையொப்பமிட்டதோடு கடமை முடிந்துவிடாது. ஒரே மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டுமென 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. கார் பல கை மாறியிருப்பினும், பதிவேட்டில் பெயருள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விற்பனையின்போதே இருந்த குறை வாங்கியவருக்குப் பின்னர் தெரியவந்தால், பொருளைத் திருப்பித் தரும் உரிமையை மார்க்கம் அவருக்கு வழங்குகிறது. இதையே ஃபிக்ஹு நூல்கள் கியாருல் அய்ப் என்கின்றன. குறையை அறிந்தே ஏற்றவருக்கு அவ்வுரிமை இல்லை. எனவே குறையைச் சொல்லி விற்பது விற்பவருக்கும் பாதுகாப்பே.

தரகர்களே, மெக்கானிக் சகோதரர்களே! உங்களுக்கே வாஸிலா (ரலி) அவர்களின் செய்தி மிகவும் பொருந்தும். கமிஷன் போய்விடுமே, நண்பர் வருந்துவாரே என்று வாய்மூடினால், அந்தக் கார் வழியில் கவிழும் நாளில் நம் மௌனத்திற்கும் அதில் பங்குண்டு. மறைத்துப் பெற்ற ஆயிரங்களில் பரக்கத் இராது.

வல்ல நாயன், உண்மையுரைத்து விற்கவும், விழிப்புடன் வாங்கவும், அறிந்ததை அஞ்சாமல் சொல்லவும் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.