மரமஞ்சளும் மாரடைப்பும்

(மடுல்கெல்லையில் நிகழ்த்திய உரையின் வாசகம்)



தடிமனும் காய்ச்சலும் கண்டால் மல்லியோடு மரமஞ்சளை அவித்துக் குடிக்கும் வழக்கம் இம்மலைநாட்டிற்குப் புதிதன்று. சிங்கள மக்கள் அதனை வெனிவெல்கெட என்பர். அக்கொடியின் தண்டிற்கு மஞ்சள் நிறத்தையும் கசப்பையும் தரும் பொருள்களுள் தலையாயது பெர்பெரின். இருதய நோயை ஆராய்வோர் இன்று அதனைக் கூர்ந்து நோக்குகின்றனர். காரணம் யாதென நாம் அறிதல் வேண்டும்.

இரத்தத்தில் தீய கொலஸ்ட்ரோல் மிகுமாயின் அது நாடிகளின் உட்சுவரிலே படிகிறது. சுவர் தடிக்கிறது, வழி குறுகுகிறது. படிந்த திட்டு ஒரு நாள் வெடித்து, அங்கே இரத்தம் உறைந்து வழியை அடைத்தால் மாரடைப்பு நேர்கிறது. இக்கொலஸ்ட்ரோலை இரத்தத்தினின்று வாங்கி அகற்றும் வாயில்கள் ஈரலில் உள்ளன. பெர்பெரின் அவ்வாயில்களின் தொகையைப் பெருக்குகிறது என்று சீன ஆய்வாளர் 2004இல் வெளியிட்டனர். 32 நோயாளர் மூன்று மாதம் அதனை உட்கொண்டபோது தீய கொலஸ்ட்ரோல் நூற்றுக்கு 25 வீதம் குறைந்தது.

மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும் 32 பேரைக் கொண்டு உலகிற்கு மருந்து எழுதலாகாது. குக்குலுவின் வரலாறு நமக்கு நல்ல பாடம். சுசுருத சங்கிதையின் குறிப்பைப் பின்பற்றி, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சத்தியவதி அம்மையார் அப்பிசினை முயல்களுக்கு ஊட்டிச் சோதித்து 1966இல் ஆய்வேடு அளித்தார். பின்னர் இந்தியாவில் அது மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 2003இல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் சோதித்தபோதோ, தீய கொலஸ்ட்ரோல் குறையாததோடு சற்றே உயர்ந்தும் விட்டது!

இதனால் மூலிகை பயனற்றது என்று முடிவு செய்வோர் சர்ப்பகந்தியை மறந்தவராவர். அதன் வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் உலகறியச் செய்தார். 1952இல் சுவிற்சர்லாந்திலே அதனின்று ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று ஆஸ்பத்திரிகளில் வழங்கும் ஸ்டாற்றின் குளிசைகளின் மூலமும் பூஞ்சணமே. ஜப்பானியர் அக்கிரா எண்டோ 1970களிலே அதனைக் கண்டார். 1994இல் வெளியான சோதனையிலே, 4,444 இருதய நோயாளரை ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்து, அவ்வகை மருந்தொன்று மரணத்தை நூற்றுக்கு 30 வீதம் குறைத்ததை மெய்ப்பித்தனர். கொலஸ்ட்ரோல் குறைதல் வேறு. உயிர் காத்தல் வேறு. பின்னதையே நாம் கேட்கிறோம். பெர்பெரின் அப்பரீட்சையில் இன்னும் தேறவில்லை.

ஆகவே, டொக்டர் தந்த குளிசையை நிறுத்திவிட்டு மரமஞ்சட் கஷாயத்தை நம்புதல் உயிரோடு விளையாடுவதாகும். ஒரு கோப்பைக் கஷாயத்திலே எவ்வளவு பெர்பெரின் உண்டென்று அளந்தவர் யார்? மேலும், அப்பொருள் வேறு சில மருந்துகள் ஈரலிலே சிதைவதைத் தடுத்து, அவற்றின் அளவை உடம்பில் ஏற்றிவிடக்கூடும். கர்ப்பிணிகளுக்கும் பச்சிளங் குழந்தைகளுக்கும் அது ஆகாது. கஷாயம் குடிப்பதை டொக்டரிடம் மறையாது சொல்லுங்கள். சொல்பவரை மருத்துவர் ஏளனம் செய்யாதிருப்பாராக.

இனி, கமக்காரருக்கு ஒரு சொல். மரமஞ்சள் மெல்ல வளரும் கொடி. தண்டை வெட்டினால் மீள்வதற்குப் பல்லாண்டு செல்லும். காட்டிலே வெட்டிக் குவித்ததனால் அது அருகி வருகிறது. காட்டிற் கைவையாது வீட்டுத் தோட்டங்களிலே நட்டு வளர்க்க நாற்றும் வழிகாட்டலும் அரசு தரவேண்டும். நாவின்னவில் 1962இல் தொடங்கிய ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையமும், அண்மையிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகமும் இத்துறையிலே கைகோத்தல் வேண்டும். கொடி நம் மண்ணில் இருக்க, அதன் குணத்தை அயலார் அறிந்து, குளிசையாக்கி நமக்கே விற்கும் நிலை வரலாமா?

முன்னோர் தந்த மூலிகையை மதிப்போம், சோதித்தே ஏற்போம். நாம் கேட்பது அவ்வளவே.