டிராக்டர்: கடனா, கைக்காசா?

"ஊர்ல அப்பா டிராக்டர் வாங்கப் போறாரு. விலை ஏறிக்கிட்டே போகுது. மொத்தமா கட்டிடலாமா, லோன் போடலாமா?" இதுதான் இன்னைக்குக் கேள்வி.

வட்டி மிச்சம்னு சேமிப்பு முழுவதையும் ஷோரூம்ல கட்டிட்டா, விதைக்கும் டீசலுக்கும் நகையை அடகு வைக்க வேண்டி வரும். ஒரு சாகுபடிச் செலவைத் தனியா எடுத்து வச்சுட்டு, மீதியை முன்பணமா கட்டுங்க.

லோன் போட்டா, வட்டி ஃப்ளாட்டா, குறையும் அசலுக்கான்னு கேளுங்க. 6 லட்சம், 12 சதவீதம், 5 வருஷம்னு வைங்க. ஃப்ளாட்னா வட்டி 3.60 லட்சம். குறையும் அசலுக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு சமத் தவணைன்னா சுமார் 2.15 லட்சம்தான். தவணை தேதியை அறுவடைக்கு அப்புறமா வைக்கச் சொல்லுங்க.

அடுத்த மாசம் விலை இருபதாயிரம் ஏறிடும்னு அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டு, ஒன்றரை லட்சத்தை விட்டுடாதீங்க.