ஈயச் சிப்பாய்க்கு ஏற்ற அலமாரி



1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டனின் நிறுவனம், உள்ளே கூடாக இருக்கும் ஈயச் சிப்பாய் பொம்மைகளை வார்க்கத் தொடங்கியது. எடை குறைவு, விலையும் குறைவு. வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பழைய சிப்பாய்களை அணிவகுத்து நிறுத்த, வீட்டில் ஓர் அறையையே ஒதுக்குகிறவர்கள் இன்றும் இங்கிலாந்தில் உண்டு.

அறை தயார். அழகான ஓக் மர அலமாரி. தூசி புகாமல் இறுக மூடிய கண்ணாடிக் கதவு. இதைவிடப் பாதுகாப்பு உண்டா என்று தோன்றும். ஆனால் ஆபத்தே அங்கேதான்.

ஓக் மரம் மெல்ல மெல்ல அமில ஆவியை விடும். வினிகரில் இருக்கும் அதே அமிலம். மூடிய அலமாரியில் அது வெளியேற வழியில்லை. ஈயத்தை அரிக்கும். வண்ணத்துக்கு அடியில் வெள்ளைப் பொடி பூக்கும். சிப்பாய் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துபோவான்.

பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை விட்டுவைத்தால் களிம்பு ஏறுகிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

என்ன செய்யலாம்? கண்ணாடித் தட்டும் இரும்புச் சட்டமும் போதும். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால், வாடை முழுக்கப் போகட்டும். காற்று போய்வர வழி விடுங்கள். நேர் வெயில் வேண்டாம், வண்ணம் வெளுக்கும். ஈயம் நஞ்சு; தொட்டால் கை கழுவுங்கள், சிறு குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

மறந்துவிடாதீர்கள். ஈயப் பொம்மைக்கு ஓக் மரப் பெட்டி ஆகாது. கண்ணாடியும் காற்றும்தான் காவல்.