பிரசங்கமும் வழிபாட்டு முறையும்

(நூற்றாண்டு நன்றி வழிபாட்டில் ஆற்றிய உரை)



நான் ஒரு வைத்தியர். இறையியல் படித்தவள் அல்ல. ஆயினும் இந்தச் சிற்றாலயத்தில் தொடங்கிய ஒரு கேள்வியைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

இங்கே படித்த காலத்தில் பிரசங்கம் மட்டுமே எனக்குப் பிடிக்கும். வாரந்தோறும் அதே பாவ அறிக்கை, அதே விசுவாசப்பிரமாணம். எப்போது முடியும் என்றிருக்கும். புதிதாக ஒன்றைச் சொல்வது பிரசங்கம்தானே என்று நினைத்தேன்.

என் அம்மாவும் இப்பாடசாலையின் பழைய மாணவி. பிற்காலத்தில் அவருக்கு மறதிநோய் வந்தது. கடைசியில் என் பெயரே அவருக்கு நினைவில்லை. ஆலயத்தில் பிரசங்கம் நடக்கும்போது சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, "வீட்டை போவம்" என்பார். ஆனால் கர்த்தர் கற்பித்த செபம் தொடங்கியதும் ஒரு சொல்லும் பிசகாமல் சேர்ந்து சொல்வார். சிறுவயதிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லிப் பதிந்தவை இந்நோயில் பொதுவாகப் பிந்தியே அழியும். நான் சலித்துக்கொண்ட அதே வழிபாட்டு முறைதான் அம்மாவைச் சபையோடு சேர்த்து வைத்திருந்தது.

அப்படியானால் பிரசங்கம் தேவையில்லையா? கி.பி. 155 அளவில் உரோமையில் யுஸ்தீன் என்பவர் ஞாயிறு வழிபாட்டை விவரித்திருக்கிறார். முதலில் வேதவாசிப்பு, அடுத்துத் தலைமை தாங்குபவரின் போதனை, பின்னர் எல்லோரும் எழுந்து நின்று செபம், அதன்பின் அப்பமும் இரசமும். எம்மாவூர் வழியிலும் இதே ஒழுங்குதான். வேதம் விளக்கப்பட்டபோது சீடரின் உள்ளம் அனல்கொண்டது. அப்பம் பிட்கப்பட்டபோது கண்கள் திறந்தன. ஒன்று மற்றதற்கு வழி திறக்கிறது.

இதை நான் உணர்ந்தது அம்மாவின் அடக்க ஆராதனையில். அன்று செபம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். பின்பு குருவானவர் ஐந்து நிமிடம்தான் பேசினார். அந்தச் செபம் 'என் பிதா' என்று அல்ல, 'எங்கள் பிதா' என்று அழைப்பதை எடுத்துக் காட்டினார். வாய் திறக்க முடியாதவருக்காகவும் சபை செபிக்கிறது என்றார். சிறுவயது முதல் நான் சொல்லிவந்த சொல்லின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது.

மாணவிகளே, பிரசங்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். செபங்களை மனப்பாடம் செய்யவும் சலிக்காதீர்கள். இந்தப் பாடசாலை அம்மாவுக்குக் கொடுத்தவற்றில் இறுதிவரை அவரோடு இருந்தது அதுதான்.