நேர்முகத் தேர்வில் நிர்வாகத் திறமையைச் சொல்வது எப்படி?

(நமது அறக்கட்டளை நடத்திய வேலைவாய்ப்பு வழிகாட்டி முகாமில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பு, வணிக வளாகம், அலுவலகக் கட்டடம் ஆகியவற்றைப் பராமரிக்கும் மேலாளர் வேலை. பிராப்பர்ட்டி மேனேஜர் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். சென்னையிலும் கோவையிலும் நூறு, இருநூறு வீடுகள் கொண்ட குடியிருப்புகள் பெருகிவிட்டன. துபாயிலும் நம் பிள்ளைகள் பலர் இந்தத் துறையில்தான் இருக்கிறார்கள். பி.காம்., பி.பி.ஏ. படித்தவர்களும் டிப்ளமோ முடித்தவர்களும் இந்த வேலைக்குப் போகலாம். ஆனால் நேர்முகத் தேர்வில், "உங்கள் நிர்வாகத் திறமையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்வி வந்ததும் பெரும்பாலோர் தடுமாறிவிடுகிறார்கள்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. தவறு நடந்தது எங்கள் பக்கத்தில். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024 தொடக்கத்தில் நமது அறக்கட்டளைக்குச் சொந்தமான கடைகளையும் வீடுகளையும் கவனிக்க ஒரு மேலாளர் தேவைப்பட்டார். ஏழு பேர் வந்தார்கள். ஒருவர் நன்றாகப் படித்தவர். பேச்சு தண்ணீர் மாதிரி ஓடியது. தலைமைப் பண்பு, குழு மனப்பான்மை, நேர மேலாண்மை என்று அடுக்கினார். இன்னொருவர் சென்னையில் ஒரு குடியிருப்பில் ஆறு வருடம் சூப்பர்வைசராக இருந்தவர். "நிர்வாகத்தில் என்ன அனுபவம் தம்பி?" என்று கேட்டேன். "எல்லா வேலையும் தெரியும் சார், நல்லா பார்த்துக்குவேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நாங்களும் தோண்டிக் கேட்கவில்லை. பேசியவரை எடுத்தோம்.

எட்டு மாதத்தில் பட்டுத் தெரிந்துகொண்டோம். கடைக்காரர்கள் கொடுத்த முன்பணம் பழுதுபார்ப்புச் செலவோடு கலந்துபோனது. அவர் ஒரு பைசா எடுக்கவில்லை; கணக்கைப் பிரித்து வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு கடைக்காரர் காலி செய்தபோது அவருடைய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க நாங்கள் வேறு இடத்தில் பணம் புரட்ட வேண்டி வந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு கல்யாண வீட்டில், அந்தச் சூப்பர்வைசர் வேலை பார்த்த குடியிருப்பில் வசிக்கும் ஒருவரைச் சந்தித்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அப்போது அந்தத் தம்பி செய்ததைச் சொன்னார். மழை வலுக்கும் முன்பே இரண்டு லிப்டுகளையும் மேல் தளத்துக்கு ஏற்றி நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்திருக்கிறார். கீழ்த்தளத்தில் நின்ற வண்டிகளை வெளியே எடுக்க வைத்திருக்கிறார். வீடு வீடாகப் போய் குடிநீர் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். தனியாக இருந்த முதியவர்களின் பட்டியல் அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. வெள்ளம் வடிந்த பிறகு, தரைத் தொட்டியில் சாக்கடைத் தண்ணீர் கலந்திருக்கும் என்று மோட்டாரைப் போட விடவில்லை. தொட்டியை இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகுதான் மேலே தண்ணீர் ஏற்றினாராம்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சோறு இறங்கவில்லை. புயல் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த நிலையில் அவர் எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை. நஷ்டம் இரண்டு பேருக்கும். விசாரித்தபோது அவர் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

தம்பிமார்களே, "செய்ததைச் சொன்னால் பெருமையடித்தது ஆகாதா?" என்று நம் பிள்ளைகள் பலர் நினைக்கிறீர்கள். அடக்கம் நல்ல குணம்தான். ஆனால் வேலை கொடுப்பவர் தன் சொத்தை உங்களிடம் அமானிதமாக ஒப்படைக்கப் போகிறார். ஒப்படைக்கலாமா என்று அவர் முடிவு செய்ய உண்மைத் தகவல் வேண்டும். அதை மறைக்காமல், கூட்டாமல் சொல்வது பெருமையடிப்பது ஆகாது.

எப்படிச் சொல்வது? நான்கு படிகளை மனதில் வையுங்கள். நிலைமை என்ன? என் பொறுப்பு என்ன? நான் செய்தது என்ன? விளைவு என்ன? அந்தத் தம்பி இப்படிச் சொல்லியிருக்கலாம்:

"மிக்ஜாம் புயலின்போது எங்கள் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகும் அபாயம் இருந்தது. இரவுப் பொறுப்பு என்னுடையது. லிப்டை மேலே நிறுத்தி, கீழ்த்தள மின் இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்துத் துண்டித்தேன். வண்டிகளை எடுக்கச் சொன்னேன். சிலர் எடுக்க மறுத்தார்கள், சங்கத் தலைவரை விட்டுப் பேச வைத்தேன். தண்ணீர் புகுந்தது, ஆனால் லிப்டுக்குச் சேதம் இல்லை, யாருக்கும் மின் அதிர்ச்சி இல்லை. ஜெனரேட்டரை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. இனி அதை மேடை கட்டி உயரத்தில் வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்."

ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். நிர்வாகம் என்ற சொல்லே இதில் வரவில்லை. ஆனாலும் கேட்பவருக்கு எல்லாம் புரிந்துவிடும். கடைசியில் தன்னால் முடியாததையும் சொன்னதைக் கவனியுங்கள். அதனால்தான் மற்றதை நம்புவார்கள். "நான்" செய்ததற்கு நான் என்றும், எல்லோரும் சேர்ந்து செய்ததற்கு நாங்கள் என்றும் சொல்லுங்கள். அடுத்தவர் உழைப்பை உங்கள் கணக்கில் எழுதாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும்.

இப்படி நான்கு சம்பவங்களைத் தயார் செய்துகொண்டு போங்கள். பணம் பற்றி ஒன்று, ஆட்கள் பற்றி ஒன்று, கட்டடம் பற்றி ஒன்று, சண்டை சச்சரவு பற்றி ஒன்று. எண்களோடு சொல்லுங்கள். எத்தனை வீடு, எத்தனை காவலாளி, மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு வசூல், எவ்வளவு நிலுவை என்பது நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

சில கேள்விகள் பொறி மாதிரி வரும். "ஆறு மாதமாக வாடகை தராதவரின் தண்ணீரை நிறுத்துவீர்களா?" என்பார்கள். நிறுத்துவேன் என்றால் கண்டிப்பானவன் என்று நினைப்பார்கள் என்று எண்ணாதீர்கள். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வீட்டு உரிமையாளரோ மேலாளரோ தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் துண்டிக்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை. "நேரில் பேசுவேன், எழுத்தில் நினைவூட்டுவேன், தவணை கேட்டால் உரிமையாளரிடம் ஒப்புதல் வாங்குவேன், அதற்கும் வழி இல்லையென்றால் சட்டப்படி போகச் சொல்வேன்" என்பதுதான் பதில். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதைத் தெரிந்து வைத்திருப்பவரை யாரும் லேசில் விட மாட்டார்கள்.

இன்னொரு கேள்வி: "கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டது, இரவு பத்து மணி, என்ன செய்வீர்கள்?" அவசரத்தில், "ஆளை இறக்கிச் சுத்தம் செய்வேன்" என்று சொல்லிவிடாதீர்கள். விஷவாயுவில் எத்தனை ஏழைகள் செத்திருக்கிறார்கள்! பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். "இயந்திர லாரியை அழைப்பேன், அது வரும்வரை தண்ணீர் உபயோகத்தைக் குறைக்கச் சொல்வேன், யாரையும் உள்ளே இறங்க விட மாட்டேன்" என்று சொல்லுங்கள். வேலை கிடைக்காவிட்டாலும் இந்தப் பதிலை மாற்றாதீர்கள்.

துபாய்க்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வாடகை ஒப்பந்தத்தை இஜாரி முறையில் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வாடகையையோ வேறு நிபந்தனையையோ மாற்றுவதானால் 90 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். வீட்டை விற்பதற்காகவோ, உரிமையாளரே குடியேறுவதற்காகவோ காலி செய்யச் சொன்னால், நோட்டரி மூலமோ பதிவுத் தபாலிலோ 12 மாத அவகாசம் கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் தெரியாமல் அங்கே நேர்முகத் தேர்வுக்குப் போகாதீர்கள்.

"எனக்கு அனுபவமே இல்லையே" என்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்கிறேன். ரமளானில் முப்பது நாள் நோன்புக் கஞ்சி வினியோகத்தை முன்னின்று நடத்தியிருக்கிறீர்களா? தினமும் எத்தனை படி அரிசி, எத்தனை பேர், யார் யாருக்கு எந்த வேலை, கடைசியில் மிச்சப் பணம் எவ்வளவு, அதை யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று சொல்லத் தெரிந்தால் அதுவே நிர்வாகம். வாப்பா வெளிநாட்டில் இருக்கும்போது வீடு கட்டும் வேலையை உம்மாவோடு நின்று கவனித்த தங்கைகள் இங்கே இருக்கிறீர்கள். மேஸ்திரியோடு பேசியது, சிமெண்ட் கணக்கு எழுதியது எல்லாம் அனுபவம்தான்.

கடைசியாக, அவர்கள் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றால், இல்லை என்று எழுந்து வராதீர்கள். லிப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறதா, எவ்வளவு தொகை வரை மேலாளரே செலவு செய்யலாம், முன்பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு உண்டா என்று கேளுங்கள்.

இந்த மூன்றாவது கேள்வியை அன்று ஏழு பேரில் யாராவது எங்களிடம் கேட்டிருந்தால், நாங்களே விழித்திருப்போம். இப்போது தனிக் கணக்கு தொடங்கிவிட்டோம்.

வரும் ஞாயிறு முதல் அஸருக்குப் பிறகு நமது அலுவலகத்தில் மாதிரி நேர்முகத் தேர்வு நடக்கும். உங்கள் நான்கு சம்பவங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத வராவிட்டாலும் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். இந்த முறை நாங்கள் தோண்டிக் கேட்போம். வஸ்ஸலாம்.